பிளானில் இல்லாத கதவு

இறால் உரிக்கிற கையோடதான் இதை எழுதுறேன். கொப்பியில வாசம் அடிச்சா குறை நினைக்காதீங்க. இருபது இறால் உரிக்கிறது, கையைக் கழுவிக் கவுணில துடைக்கிறது, பேனையை எடுத்து நாலு வரி எழுதுறது. பிறகு திரும்ப இருபது. ஒன்றரைக் கிலோ கிடக்குது. கதையும் அவ்வளவுதான் வரும்.

நான் குந்தியிருக்கிறது எங்கட குசினியின் பின்வாசல்ல. கிண்ணியாவில, கடலுக்கு ரெண்டு ஒழுங்கை இங்கால எங்கட வீடு. இதில இருந்து பார்த்தா ரெண்டு தென்னைக்கு நடுவால கடல் ஒரு துண்டு தெரியும். துறைமுகத்துக்குள்ள போகக் காத்துக் கிடக்கிற கப்பல் ஒண்டோ ரெண்டோ அதில நிக்கும். காத்து நேரா வந்து முகத்தில அடிக்கும். ஒரு பக்கமா மூணடி தள்ளி வேலி. வேலிக்கு அங்கால பக்கத்து வீட்டு ஸாலிஹா ராத்தா, எனக்கு அக்கா மாதிரி.

நான் வாயில்லாதவள். எங்கட ஆக்கள் அப்பிடித்தான் சொல்லுவாங்க. நாலு பேர் கூடின இடத்தில கதைக்கச் சொன்னா நாக்கு மேல ஒட்டிக்கொள்ளும். படிச்சதும் ஆறாம் வகுப்பு வரைக்கும்தான். ஆனா இந்தப் பின்வாசல் படியில குந்தினா மட்டும் எனக்கு வாய் வரும். ஸாலிஹா ராத்தா வேலிக்கு அங்கால உடுப்புக் கழுவ, நான் இங்கால மீன் வெட்ட, ஊர்க்கதை முழுக்க வேலிக்கு மேலால போய் வரும். கல்யாணமாகி இந்த ஆறு வருசத்தில நான் சிரிச்ச சிரிப்பில முக்கால்வாசி இந்தப் படியிலதான் சிரிச்சது.

அந்தப் படியைத்தான் எங்கட வீட்டுக்காரர் உடைக்கப் பார்த்தார்.

அவருக்குப் பேர் நிப்றாஸ். நல்ல மனுசன். பாலம் தாண்டி டவுனில ஒரு தளபாடக் கடையில வேலை. அங்க போய் ரெண்டு வருசத்தில அவருக்கு ஒரு வருத்தம் பிடிச்சிட்டுது. மனுசரைக் கண்டா மனுசராத் தெரியாது. சோபா, கதிரையாத்தான் தெரியும்.

“அலியார் நானா டபுள் சீட்டர்” என்பார்.

“அவர் கொஞ்சம் பெருத்த உடம்புதானே.”

“உங்கட சாச்சி த்ரீ சீட்டர்.”

“சாச்சி ஈர்க்கில் மாதிரி இருப்பா. அவ எப்பிடி?”

“வந்தா படுத்திடுவா.”

இப்பிடி ஊருக்கெல்லாம் சோபா அளக்கிற மனுசன்ட வீட்டில நாலே நாலு பிளாஸ்டிக் கதிரை. அதில ஒண்டுக்குக் கால் வெடிச்சு, கம்பி சுத்தி வெச்சிருக்கிறோம். அந்தக் கதிரையை மூலையில ஒளிச்சு வெச்சாலும், வாற விருந்தாளி அதைத்தான் தேடிப் போய் இருப்பாங்க.

போன நோன்புக்கு முந்தி ஒரு நாள் பின்னேரம், மனுசன் ஒரு காகிதச் சுருளோட வந்தார். வந்தவர் சப்பாத்துக்கூடக் கழட்டல்ல.

“அம்ரா! இண்டையோட இந்த வீட்டில கீழ குந்துற காலம் முடிஞ்சுது!”

நான் கீழ குந்தித்தான் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். “ஓம்” என்றேன்.

சுருளை விரிச்சார். கட்டம் போட்ட காகிதம். அதில நாலு நிறப் பேனையால கோடு கோடாக் கீறியிருந்தது.

“இது என்ன?”

“இதுதான் புள்ள எங்கட வீடு. மேலயிருந்து பார்த்தா இப்பிடித்தான் இருக்கும்.”

மேலயிருந்து எங்கட வீட்டைக் காகம்தான் பார்க்கும் என்று நினைச்சேன். சொல்லல்ல.

“இது ஹோல். இஞ்ச எல் வடிவத்தில சோபா. இந்தச் சுவருக்கு அஞ்சு பேர், அந்தச் சுவருக்கு நாலு பேர், வாசல் பக்கம் தனியா ரெண்டு. மொத்தம் பதினொரு பேர் ஒரே நேரத்தில இருக்கலாம்! இந்த ஒழுங்கையில ஆர்ட வீட்டில இருக்கு?”

ஒவ்வொரு இருக்கையிலயும் ஒரு சின்ன வட்டம் போட்டிருந்தார். அது தலையாம். நான் விரலை வெச்சு எண்ணினேன். சரியாப் பதினொரு தலை.

“இதில நான் எது?”

“நீங்க குசினியிலதானே.”

குசினியைப் பார்த்தேன். அதில அடுப்பு இருந்தது, அலுமாரி இருந்தது. தலை ஒண்டும் இல்ல.

“குசினியில வட்டம் ஒண்டையும் காணல்லையே?”

“குசினியில ஆர் இருக்கிறது? நிண்டுதானே சமைக்கிற.”

எங்கட மகள் ஆதிலாவுக்கு நாலு வயசு. அவள் எட்டிப் பார்த்து, “வாப்பா, என்ட தலை எங்க?” என்று கேட்டாள். அவர் உடனே தன்ட வட்டத்துக்குள்ள ஒரு குட்டி வட்டம் போட்டுக் குடுத்தார். மகளுக்கும் இடம் கிடைச்சிட்டுது.

“அப்ப ஹோல்ல இப்ப இருக்கிற அலுமாரி, தையல் மெசின், அரிசிச் சாக்கு, பாய்க்கட்டு எல்லாம் எங்க போறது?”

அவர் அதுக்காகத்தான் காத்துக் கொண்டிருந்த மாதிரி சிவப்புப் பேனையை எடுத்தார். “அதுக்குத்தான் ஸ்டோர் அறை! குசினிட பின் கதவை அடைக்கிறது. அந்தப் படியை உடைக்கிறது. அதே இடத்தில அறையைக் கட்டுறது. எப்பிடி?”

சொல்லிக்கொண்டே என்ட படிக்கு மேல சிவப்பில ஒரு பெரிய பெருக்கல் அடையாளம் போட்டார்.

சொல்ல வேண்டியது எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. காத்து, கப்பல், வேலி, ராத்தா. வாயைத் திறந்தேன்.

“ஓம்” என்று வந்தது.

இதில ஒரு சங்கதி இருக்கு. எங்கட பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே. வீடு பொம்பிளைப் பிள்ளைக்கு. வாப்பா கல்லுக் கல்லாச் சேர்த்துக் கட்டி என்ட பேருக்கு எழுதித் தந்த வீடு இது. மாப்பிள்ளை ஒரு உடுப்புப் பையோட வந்தவர். ஆறு வருசத்தில அவரும் அதை மறந்திட்டார், நானும் மறந்திட்டேன். அறை கட்ட அனுமதி கேட்டுக் குடுக்கிற படிவம்தான் மறக்கல்ல. கடைசிப் பக்கத்தில ‘உரிமையாளரின் கையொப்பம்’ என்று ஒரு கோடு இருந்தது.

“இதில ஒரு கையெழுத்து வைங்க புள்ள.”

“நானா?”

“சும்மா ஒரு சடங்குக்குத்தான்.”

“எனக்குக் கையெழுத்து வெச்சுக் கனகாலம். கோணலாப் போனா படிவம் பழுதாகிடுமே. கொஞ்சம் பழகிட்டு வைக்கிறனே.”

அது பொய் இல்ல. கடைசியா நான் கையெழுத்து வெச்சது கல்யாணப் பதிவில. அவர் மறுநாளே பழகுறதுக்கு ஒரு கொப்பி வாங்கித் தந்தார். இந்தக் கொப்பிதான் அது. முன்பக்கம் திருப்பினா ஒன்பது பக்கத்துக்கு என்ட பேர் கிடக்கும். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் எழுதினேன். வேலையால வந்து பார்ப்பார்.

“இது நல்லா இருக்கே!”

“இல்லங்க, ‘ரா’ன்ட வால் சரியா வரல்ல.”

வால் சரியா வந்தா படி போயிடும். எத்தனை நாளைக்கு அந்த வாலைப் பிடிச்சுக்கொண்டு தொங்குறது? ஸாலிஹா ராத்தாவிட்டச் சொல்லி அழுதேன். அவ வேலிக்கு அங்கால உடுப்புப் பிழிஞ்சு கொண்டிருந்தா.

“வாயைத் திறந்து ஏலாது எண்டு சொல்லன்டி!”

“எனக்கு ஏலாது எண்டு சொல்ல ஏலாது ராத்தா.”

“நல்ல கதை. வீடு உன்ட, படி உன்ட, வாய் மட்டும் ஆர்ட?” சாரத்தை ஒரு உதறு உதறிக் கொடியில போட்டா. “சரி, கதவை அடைக்கட்டும். அவர்ட உம்மா, உங்கட மாமி, எந்த வழியால வருவாவாம்?”

அவ சும்மா கேட்டுட்டு அடுத்த சாரத்தை எடுத்தா. எனக்கு மீன் கத்தி கையிலயே நிண்டிட்டுது.

எங்கட வீடுகளில பொம்பிளையள் வாற வழி பின்வாசல். முன்னால ஆம்பிளையள் இருந்து கதைப்பாங்க, பொம்பிளையள் ஒழுங்கையால சுத்திக் குசினிப் பக்கமா வருவாங்க. பிறந்த நாள் தொட்டு அப்பிடியே வந்து போனதில அது ஒரு வழி என்றே ஒருத்தருக்கும் நினைவு இல்ல. பிளான் கீறின மனுசன் பதினொரு ஆம்பிளைத் தலைக்கு இடம் எண்ணியிருக்கார். ஒரு பொம்பிளை வர வழி வைக்கல்ல.

அண்டைக்குப் பின்னேரம் தேத்தண்ணியோட போய்ப் பக்கத்தில நிண்டேன்.

“இஞ்சேருங்க. சோபாவை எடுத்த பிறகு இடம் காணாட்டி கடையில திருப்பி எடுக்க மாட்டாங்க எண்டு நீங்கதானே ஆக்களுக்குச் சொல்ற?”

“ஓம். அதுக்கு?”

“பிளானில என்ன இருக்கோ, ஒருநாளைக்கு அப்பிடியே செஞ்சு பார்ப்பமா? பள்ளிவாசல்ல கதிரை எடுத்து, சோபா இருக்கிற இடத்தில போட்டு, உங்கட கூட்டாளிமாரைக் கூப்பிட்டு. நான் நெய்ச்சோறு ஆக்கிறன்.”

மனுசனுக்குக் கண் கலங்கிட்டுது. “என்னட்ட வாற கஸ்டமர் ஒருத்தராவது இப்பிடி விளங்கிக் கதைக்கிறாங்களா புள்ள!”

“வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய வைப்பமா?”

“வைப்பம்!”

அவர் கூட்டாளிமார் பத்துப் பேருக்குச் சொன்னார். நான் மாமிக்கு மட்டும் சொன்னேன். மாமிக்குச் சொன்னா போதும், அவட ரெண்டு மகள்மாரும் தானா வருவாங்க.

வெள்ளிக்கிழமை காலையில அவர் அளவு நாடாவும் சோக்குமா ஹோல்ல முழங்காலில தவண்டார். அலுமாரியையும் மெசினையும் அறைக்குள்ள தள்ளினோம். பள்ளியிலயிருந்து பதினொரு கதிரை வந்தது. சோக்குக் கோட்டில பிசகாமப் போட்டார். ஒரு வரிசைக்கும் மறு வரிசைக்கும் நடுவால குசினிக்குப் போற வழி. அதில ஒரு பூனை போகலாம். மெலிஞ்ச பூனை.

“இனி என்ன புள்ள, எல்லாம் பிளான் மாதிரியே இருக்கா?”

“ஒண்டு மட்டும் இல்ல” என்று சொல்லிப் போய், குசினிப் பின் கதவின்ட ரெண்டு தாழ்ப்பாளையும் போட்டு, அரிசிச் சாக்கு ஒண்டை இழுத்து முட்டுக் குடுத்தேன். “பிளானில கதவு இல்லத்தானே.”

“இதுதான் ஒழுங்கு!” என்றார் அவர்.

ஜும்ஆ முடிஞ்சு பத்துப் பேரும் வந்தாங்க. அவர் ஒவ்வொருத்தரா இடம் காட்டி இருத்தினார். மேசன் அலியார் நானாவுக்கு மூலை. கடையில கூட வேலை செய்யிற அஷ்பாக்குக்குச் சுவரோரம். கடைசியாத் தானும் தன்ட வட்டத்தில இருந்தார். பதினொரு பேர். நான் குசினிக் கதவுச் சீலைக்குப் பின்னால நிண்டு பார்த்தேன். உண்மையைச் சொல்லணும், பார்க்க வடிவாத்தான் இருந்தது.

டொக் டொக்.

“ஆர்?”

“நான்தான். கதவைத் திற மகள். வட்டிலப்பம் கையைச் சுடுது.”

மாமி. சித்தி பரீதா அவட பேர். கறுப்பு ஹபாயாவும், கையில தேங்காய்ப்பாலில அவிச்ச வட்டிலப்பமும், முழங்கால் நோவுமா ஒழுங்கையால நடந்து வந்திருக்கிறா.

“மாமி, கதவு இல்ல.”

“என்னது?”

“பிளானில கதவு இல்ல மாமி. உங்கட மகன் எடுத்திட்டார்.”

மாமி இன்னொருக்காத் தட்டினா. பிறகு மெதுவாக் கேட்டா. “அப்ப நான் இவ்வளவு நேரமும் என்னத்தைத் தட்டுறன்?”

“அது பழைய கதவு மாமி.”

“உனக்குக் காய்ச்சலா மகள்?”

எனக்குப் பாவமாப் போச்சு. கை தாழ்ப்பாளுக்குப் போயிட்டுது. அந்தச் சிவப்புப் பெருக்கல் அடையாளத்தை நினைச்சுக் கையைத் திருப்பி எடுத்தேன்.

“முன்னால வாங்க மாமி. பிளான்படி அதுதான் வழி.”

மாமி வீட்டைச் சுத்தி முன்னால போனா. வாசலில பதினொரு சோடிச் செருப்பைக் கண்டா. அப்பிடியே சுவரோட ஒதுங்கி நிண்டு ஒரு சத்தம் போட்டா. துறைமுகத்தில கப்பல் ஊதினா மூதூருக்கும் கேக்கும் என்பாங்க. மாமிக்குக் கப்பல் தேவையில்ல.

“நிப்றாஸ்! பத்து ஆம்பிளையளுக்கு நடுவால உம்மா நடந்து போகணுமா?”

மனுசன் துடிச்சு எழும்பினார். “ஒருக்கா எழும்புங்க, ஒருக்கா எழும்புங்க, உம்மா வாறா.” பத்துப் பேரும் முழங்காலை மடக்கி, ஒருத்தர் காலை ஒருத்தர் மிதிச்சு, முற்றத்துக்குப் போனாங்க. மாமி உள்ள வந்தா. பத்துப் பேரும் திரும்ப வந்து இருந்தாங்க.

அஞ்சு நிமிசம். மாமிட மூத்த மகள், என்ட மூத்த மச்சி, பிள்ளையோட வந்தா. எழும்புங்க. இருங்க.

இளைய மச்சி வந்தா. எழும்புங்க. இருங்க.

ஸாலிஹா ராத்தா சஹன் தட்டு ரெண்டையும் தூக்கிக்கொண்டு வந்தா. எழும்புங்க. இருங்க. வந்தவ குசினிக்குள்ள என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிட்டு, “அச்சாறை மறந்திட்டன்டி” என்று திரும்பிப் போனா. எழும்புங்க. அச்சாறோட வந்தா. எழும்புங்க. அச்சாறை மெய்யா மறந்தாவோ எண்டு நான் இண்டைக்கு வரைக்கும் கேக்கல்ல.

ஆதிலாவுக்கு இது நல்ல விளையாட்டாப் போச்சு. ஹோல் நடுவில நிண்டு, ஆரும் வராமலே “ஆக்கள் வாறாங்க! எழும்புங்க!” என்று கத்தினாள். பத்துப் பேரும் எழும்பிட்டாங்க. அஷ்பாக் முற்றம் வரைக்கும் போயிட்டான்.

“மகள்! சும்மா இருங்க!” என்று அவர் அதட்டினார்.

அலியார் நானா நெற்றியைத் துடைச்சார். “தம்பி, இது வீடா, பஸ்ஸா? ஒவ்வொரு ஹோல்ட்டுக்கும் ஆள் இறங்கி ஏறோணும்.”

“சாப்பிடுவம் நானா, சாப்பிடுவம்” என்று இவர் சமாளிச்சார்.

எங்கட விருந்தில பாய் விரிச்சு, நடுவில பெரிய சஹன் தட்டை வெச்சு, தட்டுக்கு ஆறு பேர் சுத்தி இருந்து சாப்பிடுறதுதான் முறை. இவர் முதல் சஹனைத் தூக்கிக்கொண்டு ஹோல் நடுவுக்கு வந்தார். வைக்க இடம் இல்ல. தலைக்கு மேல தூக்கினார். அந்தப் பக்கம் திரும்பினார், இந்தப் பக்கம் திரும்பினார். நெய்ச்சோறு பத்துப் பேருக்கு மேல வலம் வந்தது. ஒருத்தருக்கும் எட்டல்ல.

“மடியில வெச்சுச் சாப்பிடலாமே?” என்று அஷ்பாக் கேட்டான்.

“ஆர்ட மடியில?” என்றார் அலியார் நானா. “எழும்புங்கடா. இந்த முறை நானாத்தான் எழும்புறன். பின்னால மரத்துக்குக் கீழ நல்ல காத்து.”

அவ்வளவுதான். சஹனை என்னட்டத் திருப்பித் தந்திட்டு, பதினொரு பேரும் வீட்டைச் சுத்திப் பின்னால போயிட்டாங்க. குசினி ஜன்னலால நான் எட்டிப் பார்த்தேன். அலியார் நானா உரலைக் கவிட்டு அதில இருந்தார். அஷ்பாக் தேங்காய்த் திருவலையின்ட பல்லை மற்றப் பக்கம் திருப்பி வெச்சுக் கட்டையில இருந்தான். ரெண்டு பேர் தண்ணி வாளியில. ஒருத்தர் அம்மிக்குப் பக்கத்தில செங்கல் அடுக்கி. மற்றவங்க பாய் விரிச்சு. எங்கட மனுசன் எங்க இருந்தார் தெரியுமா? என்ட படியில.

காலை நீட்டி, முதுகைக் கதவில சாய்ச்சு, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கப்பல் ஒண்டு நிண்டது.

உள்ளுக்குப் பார்த்தா, ஹோல்ல பதினொரு கதிரையும் சும்மா கிடந்தது. மாமி நடுக்கதிரையில இருந்து முழங்காலைத் தடவினா. மச்சிமார் ரெண்டு பக்கமும். ஸாலிஹா ராத்தா மூலையில. “நீயும் இரு மகள்” என்று மாமி சொன்னா. என்ட வீட்டு ஹோல்ல, விருந்து நாளில, நான் கதிரையில இருந்தது அண்டைக்குத்தான் முதல் தரம்.

டொக் டொக்.

“அம்ரா! சோறு!”

“கதவு இல்லையே” என்று குசினிப் பக்கம் பார்த்துச் சொன்னேன்.

“என்ன விளையாட்டு இது? எல்லாரும் பசியோட இருக்காங்க, திறங்க!”

எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளப் பார்த்தது. மாமி என்ட கையைப் பிடிச்சுக்கொண்டு தானே சத்தம் வெச்சா.

“மகன்! முன்னால வாங்க! பிளான்படி அதுதான் வழியாம்!”

ஸாலிஹா ராத்தா அதுக்கு மேல சத்தம் வெச்சா. “முன்னால வரப்படாது! ஹோல்ல பொம்பிளையள் இருக்கம்!”

பின்னால கதவு இல்ல. முன்னால வழி இல்ல. நெய்ச்சோறு நடுவில. நான் எழும்பிப் போய்ப் பின் கதவடியில நிண்டேன். பிறகு அலியார் நானா உரலில இருந்து சொன்னது வடிவாக் கேட்டுது. “தம்பி, நான் நாப்பது வருசமா வீடு கட்டுறன். குசினிக் கதவை அடைச்ச வீட்டில இருந்து சோறு வெளிய வந்ததை நான் காணல்ல.”

“அம்ரா” என்று அவர் கதவோட வாய் வெச்சு மெதுவாச் சொன்னார். “கதவு இருக்கு புள்ள.”

“பிளானில?”

“பிளானிலயும் இருக்கு.”

“படி?”

“படியும் இருக்கு! பத்துப் பேர் சாட்சி! திறங்க!”

சாக்கை இழுத்தேன். ரெண்டு தாழ்ப்பாளையும் எடுத்தேன்.

போகும்போது மாமி தன்ட மகனைக் கூப்பிட்டு ஒரே ஒரு கதை சொல்லிட்டுப் போனா. “பின் கதவை அடைச்ச வீட்டுக்கு வட்டிலப்பம் வராது.”

ஒரு கிழமை அவர் கட்டம் போட்ட காகிதத்தைத் தொடல்ல. அடுத்த கிழமை திரும்பச் சுருளோட வந்தார். இந்த முறை சப்பாத்தைக் கழட்டிட்டுத்தான் வந்தார்.

“அம்ரா, நான் நல்லா யோசிச்சனான். ஸ்டோர் அறை தேவையில்ல. பின்னால தகரம் போட்டு ஒரு விறாந்தை எடுப்பம். கதவை அகட்டுவம். அந்தப் படி இருக்குத்தானே, அதை நீட்டி ஆறடிக்குச் சீமெந்தில பெஞ்ச் மாதிரி ஒரு வாங்கு கட்டி, மேல டைல்ஸ் பதிப்பம். இது முழுக்க என்ட ஐடியா.”

“ஓம்” என்றேன்.

பிளானைப் பார்த்தேன். குசினியில இப்ப ஒரு வட்டம் இருந்தது. அதுக்குப் பக்கத்தில ஒரு குட்டி வட்டமும். படிவத்தை எடுத்து, கோட்டில கையெழுத்தை வெச்சேன். மூச்சு விடுற நேரம்தான் எடுத்தது. ‘ரா’ன்ட வால் நல்ல வடிவா வந்திருந்தது.

“என்ன புள்ள, இவ்வளவு கெதியா?”

“பழகினன்தானே.”

அலியார் நானாதான் கட்டித் தந்தார். ஹோலுக்குக் கடைசியில ஒரே ஒரு சோபாதான் வந்தது, ஒரு ஆள் இருக்கிறது. அதில எந்த நேரமும் மடிக்காத உடுப்பு இருக்கும். இந்த வாங்கு எண்டா அப்பிடி ஒரு குளிர்ச்சி. காலை நீட்டலாம், ஆதிலாவைப் பக்கத்தில படுக்க வைக்கலாம், ஸாலிஹா ராத்தா வேலியைத் தாண்டி வந்து பக்கத்திலயே இருக்கலாம். இப்பவும் இறால் தட்டை வைக்க இடம் மிச்சம் கிடக்குது.

ஒரு சின்னக் குறை மட்டும். மனுசனும் அண்டைக்கு அந்தப் படியில ஒருக்கா இருந்திட்டார்தானே. காத்தைக் கண்டுட்டார், கப்பலைக் கண்டுட்டார். இப்ப வேலையால வந்த உடனே சாரத்தைக் கட்டிக்கொண்டு இதிலதான் வந்து இருப்பார். பிறகு அலியார் நானா வருவார். பிறகு அஷ்பாக். ஆறடி வாங்கில அஞ்சு ஆம்பிளையள். ஸாலிஹா ராத்தா வேலிக்கு அங்கால, நான் குசினிக்குள்ள, நிண்டு. பொம்பிளையள் எல்லாரும் இப்ப முன்வாசலால வந்து போறாங்க.

பரவாயில்ல. அது பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகுதானே. அவர் வேலைக்குப் போன நேரம் முழுக்க இது என்ட இடம். இன்னும் முப்பது இறால்தான் கிடக்குது, உரிச்சிட்டு ராத்தாவைக் கூப்பிட்டு ஆறுதலா இருந்து கதைக்கலாம். பைக் சத்தம் ஒண்டு கேக்குது. அவருக்கு லீவு வெள்ளிக்கிழமைதான், அதுக்கு இன்னும் ரெண்டு நாள் கிடக்கே, அவரா இருக்காது.

“அம்ரா! கடை இண்டைக்கு அரை நாள்! அந்த இறால் தட்டை எடுத்திட்டு வாங்கைக் கழுவி விடுங்க புள்ள, நாலு பேர் வாறாங்க!”

இல்ல. எழும்ப மாட்டேன். பேனையைக் கீழ வைக்கவும் மாட்டேன். வீடு என்ட பேரில. கையெழுத்து என்ட. ஒன்பது பக்கம் பழகி வெச்ச கையெழுத்து. இனி இந்த இடத்தில இருந்து என்னை எழுப்ப ஒருத்தராலயும்